உப்பு ஐஸும் ஒரு துளி பிளாஸ்மிட்டும்

கிளிநொச்சியில் எங்கள் ஆய்வுகூடத்தின் டீப் ஃப்ரீசர் ஒரு வார இறுதியில் செத்துப்போனது. அங்கே உதவியாளரான நான் திங்கள் காலை கதவைத் திறந்தேன், தரையெல்லாம் தண்ணீர். உறையவைத்துப் பாதுகாத்த பாக்டீரியாக்கள் எல்லாம் வெதுவெதுப்பாக இறந்து கிடந்தன. அவற்றுக்குள்தான் எங்கள் ஆய்வாளர் வதனி மிஸ்ஸின் பிளாஸ்மிட் குடியிருந்தது.

பிளாஸ்மிட் என்பது வளையமான சிறு டி.என்.ஏ. இந்த வளையத்தில் சுண்டெலியின் மரபணு ஒன்று கோக்கப்பட்டிருந்தது. கருவில் கால் எங்கே முளைக்கவேண்டும் என்று சொல்லும் மரபணு. மிஸ் அதைக் கோழிக் கருவுக்குள் செலுத்தி வேலை செய்யவைப்பவர். எலியின் சொல் கோழிக்கும் விளங்குகிறது! நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும். வெளிநாட்டில் படித்த காலத்தில் அவர் தன் கையால் கட்டிய வளையம். அந்த ஆய்வுகூடம் மூடியாயிற்று, பிரதி எங்கும் இல்லை. சாதாரணக் குளிர்ப்பெட்டியில் ஒரேயொரு குழாய் மிஞ்சியிருந்தது. அதன் அடியில் ஒரு துளி. அதுவும் ஐதானது, பாதியாக்கிப் பரீட்சை பார்க்க வழியில்லை.

மிஸ் அழவில்லை. "அக்கா, புதுப் பாக்டீரியாவுக்குள்ள இதை ஏத்துவம், அது பெருக இதுவும் பெருகும்" என்றார் என்னிடம்.

பாக்டீரியா வெளி டி.என்.ஏ.யை உள்ளே விடவேண்டுமென்றால், அதைக் கல்சியம் குளோரைட் கரைசலில் ஐஸ்மேல் வைத்துப் பதப்படுத்தவேண்டும். எங்கள் ஐஸ் மெஷினோ பழுது. நாயாற்றிலிருந்து மீன் கொண்டுவரும் அன்ரன் அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"ஐஸோ? என்ன பிள்ளை, சுறா வாங்கிப்போட்டியளோ?"

"இல்லை அண்ணை, எலியின்ர மரபணுவுக்கு."

"என்ர மீன் வெயிலுக்க கிடக்குது, உங்கட எலிக்கு ஐஸ் கேக்குதோ!"

பகிடி விட்டாலும் பெட்டி நிறையக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். வளர்த்துவைத்த பாக்டீரியாவைக் கரைசலோடு ஐஸுக்குள் புதைத்தோம். ஆய்வுகூடம் முழுக்கச் சூடை மீன் மணம்.

நேரம் வந்தது. மிஸ் அந்தத் துளியை மைக்ரோபிப்பெற்றில் உறிஞ்சி எடுத்தார். மறு கையால் பாக்டீரியாக் குழாயைத் தூக்கினார். பெருவிரல் அழுத்தத் தயாராக நின்றது. அந்தக் கணத்தில் அவர் குழாயை மெல்லச் சரித்துப் பார்த்தார்.

"அக்கா, இது ஏன் ஆடுதில்லை?"

கரைசல் கல்லாய் உறைந்திருந்தது. மிஸ் துளியைப் பழைய குழாய்க்கே திருப்பி விட்டார்.

மறுபடி போன் எடுத்தேன். "அண்ணை, ஐஸுக்குள்ள என்ன போட்டனீங்கள்?"

"உப்புத்தான் பிள்ளை. நல்லாக் குளிருமெல்லோ? நீங்கள் கேட்டதெண்டு கொஞ்சம் கூடவே அள்ளிப் போட்டனான்."

உப்பு விழுந்த ஐஸ் பூச்சியத்துக்கும் கீழே இறங்கும். மீனுக்கு அது சொர்க்கம். எங்கள் பாக்டீரியா அதில் உறைந்தே செத்துவிட்டது. விட்டிருந்தால் அந்தத் துளியும் பிணங்களோடு போயிருக்கும்.

அடுத்த நாள் உப்பில்லாத ஐஸ் வந்தது. புதிதாக வளர்த்து, பதப்படுத்தி, துளியை விட்டோம். வளையம் ஏறிய பாக்டீரியா மட்டுமே பிழைக்கும்படி அம்பிசிலின் என்ற கிருமிக்கொல்லி மருந்து கலந்த தட்டில் பரப்பினோம். விடிந்து பார்த்தால், தட்டெங்கும் வெள்ளைப் புள்ளிகள், ஒவ்வொன்றும் வளையம் ஏறிப் பெருகிய பாக்டீரியாக் கூட்டம். மிஸ் என் தோளில் தலை வைத்தார்.

பெட்டியை எடுக்க வந்த அன்ரன் அண்ணை தட்டைக் குனிந்து பார்த்தார். "இதுவோ எலி? வாலைக் காணேல்லை."

"இருக்கண்ணை, சுருட்டி வச்சிருக்கு" என்றார் மிஸ்.

எத்தனையோ கெட்டிக்காரக் கைகளை நான் இந்த வேலையில் பார்த்துவிட்டேன். அழுத்தப்போன இடத்தில் நின்ற அந்தக் கைக்கு நிகரான கையைக் காணவில்லை. புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான்: துளியை விடமுதல் குழாயைச் சரித்துப் பாருங்கோ. அன்ரன் அண்ணையும் தன் பங்குக்குப் படித்துவிட்டார். ஐஸ் கேட்டால் அவருடைய முதல் கேள்வி: "மீனுக்கோ, எலிக்கோ?"