பக்கத்தைக் காணோம்

வெந்த இட்லியைத் திரும்ப மாவாக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? அச்சுக்கென்று கட்டம் கட்டிய பிடிஎஃப்பை, செல்போன் திரைக்குத் தகுந்தபடி வரி மடங்கும் மின்நூலாக மாற்றுவது அந்த வேலைதான். திண்டிவனத்தில் சமையலை முடித்துவிட்டு வீட்டிலிருந்தே செய்தேன். ஃபைல் தருவது விழுப்புரத்து ஆபீஸ், சூப்பர்வைசர் செல்வி. ஒரே புத்தகம் இரண்டு முறை திரும்பி வந்தால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். கண்ணைக் கெடுத்துக்கொண்ட சக பாவிகளே, கேளுங்கள்.

ஓடிய கொம்பு

திருவெண்ணெய்நல்லூரில் ரிட்டயர்டு சர்வேயர் ஒருவர் தன் வாழ்க்கையை எழுதியிருந்தார். பழைய ஃபான்ட். காப்பி செய்து ஒட்டினால் கொம்பு முன்னால் ஓடி, ‘கொக்கு’ ‘ெகாக்கு’ ஆகிவிடும். புத்தகம் முழுக்கத் திருத்தினேன், முன்னுரையை மட்டும் விட்டுவிட்டேன். ஃபைல் திரும்பி வந்தது. செல்வி சொன்னாள்: “முன்னுரைய யாரு படிக்கப் போறாங்கன்னு நெனச்சீங்களாக்கா? எழுதினவரு அதை மட்டுந்தான் படிச்சாரு.”

நாற்பத்தெட்டு

அடுத்து சர்வேயரே போன் செய்தார். மச்சான் பெயர் நாற்பத்தெட்டாம் பக்கத்தில் இருப்பதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டாராம். செல்போனில் நாற்பத்தெட்டைத் திறந்தால் மச்சானைக் காணோம், யாரோ கரும்பு வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். “எழுத்தைப் பெரிசாக்கினா பக்கம் கூடும், சின்னதாக்கினா குறையும் சார்” என்று எல்.கே.ஜி. பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னேன். அவர் விடவில்லை: “முப்பது வருசம் எல்லைக்கல்லு நட்டவன்மா நான். கண்ணாடி போட்டா ஒரு எடம், கழட்டினா ஒரு எடம்னு நகர்ற கல்லை இப்பதான் பாக்கறேன்.”

ஒரே தட்டு

அந்த எரிச்சலோடு, திரும்பி வந்த ஃபைலைத் திருத்த உட்கார்ந்தேன். பழைய புத்தகத்தில் ஒவ்வொரு தாளின் அடியிலும் ‘பக்கம்’ என்று போட்டு எண் இருந்தது. எண்களை எடுத்தாயிற்று, ‘பக்கம்’ மட்டும் வரிக்கு நடுவே வந்து குந்தியிருந்தது. ஒவ்வொன்றாகப் பொறுக்கப் பொறுமை வேண்டும். கான்வென்டில் ‘பொறுமையாக இருப்பேன்’ என்று நூறு தடவை எழுதியும் எனக்கு வராத சரக்கு அது. ‘பக்கம்’ எங்கிருந்தாலும் அழி என்று ஒரே தட்டு தட்டி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் சர்வேயர் போன். ‘ஆற்றுக்கு அந்தப் பக்கம்’ என்று அவர் எழுதியது ‘ஆற்றுக்கு அந்தப்’ என்று தொங்குகிறது. பங்காளிச் சண்டையில் ‘என் மனைவி என் பக்கம் நின்றாள்’ என்பது ‘என் மனைவி என் நின்றாள்’ ஆகியிருக்கிறது. இரண்டாவது தடவை, தொலைந்தது வேலை. அவர் குரலைத் தணித்தார்: “மத்ததெல்லாம் சரி பண்ணிக்கினு எனக்கே அனுப்பும்மா, ஆபீசுக்குச் சொல்லல. ஆனா அந்த பொண்டாட்டி வரிய அப்படியே வுட்டுடு. அவ எம் பக்கம் நின்னதே இல்ல.”

பக்கமே இல்லாத புத்தகம் செய்கிற இந்தத் தொழிலில், என் பக்கம் நின்ற ஒரே ஆள், என் கையில் புத்தகம் கெட்டுப்போன அந்த சர்வேயர்தான்.