ஐஸ் அக்காவின் எட்டுப் பக்கம்

“பதினொண்ணு... பன்னெண்டு...” என்று எண்ணிக்கொண்டே கண்ணாடிக் குழாய்க்குள் கோலை மெதுவாக இறக்கி ஏற்றிக்கொண்டிருக்கிறார் அந்த அம்மாள். குழாய் ஐஸ் பெட்டிக்குள் கழுத்துவரை புதைந்திருக்கிறது. உள்ளே எலியின் ஈரல் கூழாகிக்கொண்டிருக்கிறது. கட்டடமே பற்றி எரிந்தாலும் இருபது எண்ணி முடிக்கும்வரை தலை நிமிராது. அதற்குப் பிறகுதான் வாசலில் நிற்கும் என்னைப் பார்த்து, “சொல்லுங்க சார்” என்பார்.

எனக்குப் பக்கத்து ஆய்வுக்கூடம் அவருடையது. உயிரணுவுக்குச் சக்தி தயாரித்துக் கொடுக்கும் மைட்டோகாண்ட்ரியாவை உடையாமல் வெளியே எடுத்து, அது எவ்வளவு தயாரிக்கிறது என்று அளப்பதுதான் வேலை. வெயில் மண்டையைப் பிளக்கும் நாளிலும் ஸ்வெட்டர் போட்டிருப்பார். விரல் நுனிகள் எப்போதும் சிவந்திருக்கும். மாணவர்கள் வைத்த பெயர் ஐஸ் அக்கா. காதில் ஒரு பென்சில் செருகியிருக்கும். எதையும் அச்செடுத்துக் கோடு போட்டுத்தான் படிப்பார். “அவசரப்பட்டா செத்துடும்” என்று மைட்டோகாண்ட்ரியாவுக்காகச் சொல்ல ஆரம்பித்தவர், இப்போது லிஃப்டுக்கும் டீக்கும் முனைவர் பட்டத்துக்கும் அதையே சொல்கிறார்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன் அந்த முறையை எட்டே பக்கத்தில் எழுதினார். உலகம் முழுவதும் இதுவரை நாலாயிரத்து இருநூற்று ஆறு கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டியிருக்கின்றன. நேற்றுக் காலை வரைக்குமான கணக்கு இது. அவர் பார்ப்பதில்லை, நான் தினமும் பார்க்கிறேன். என் தலைசிறந்த கட்டுரைக்கு முப்பத்தொன்று. அதிலும் எட்டு நானே காட்டியது.

ஆமாம், பொறாமைதான். மறைத்து என்ன ஆகப் போகிறது? “அந்தம்மா எண்ணிக்கை உங்களுக்கு மனப்பாடம். நம்ம பொண்ணு எந்த வகுப்புன்னு கேட்டா முழிக்கிறீங்க” என்கிறாள் என் மனைவி. நாலாயிரம் தாண்டிய அன்று வயிற்றெரிச்சலை அடக்கிக்கொண்டு வாழ்த்துச் சொல்லப் போனேன். “அப்படியா சார்? அந்த ஐஸ் மூடியைக் கொஞ்சம் சாத்திடுங்க” என்றார். திட்டியிருந்தால்கூட நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

இந்த வருஷம் துறைத் தலைவர் நாற்காலி காலியானது. போட்டி எங்கள் இருவருக்குள். அவருக்கு மூன்று வருஷம் முன்பே வேலைக்குச் சேர்ந்தவன் நான். ஆனால் தேர்வுக்குழு மேற்கோள் எண்ணிக்கையைத்தான் பார்க்கும் என்று ஊரே சொன்னது. ஊர் என்றால் எங்கள் கேன்டீன்.

விடுமுறை மூன்று வாரமும் அவரை மேற்கோள் காட்டிய கட்டுரைகளை ஒன்றொன்றாகத் திறந்து பார்த்தேன். ஏதாவது அகப்படாதா என்ற ஆசைதான். அகப்பட்டது. அந்த ஆய்விதழில் அவர் கட்டுரை தொடங்குவது 317ஆம் பக்கத்தில். யாரோ ஒருவர் ஆரம்பத்திலேயே தன் மேற்கோள் பட்டியலில் கை தவறி 371 என்று போட்டுவிட்டார். அடுத்தவர் அதைப் பார்த்து எழுத, அதற்கடுத்தவரும் அப்படியே எழுதியிருக்கிறார். 371ஆம் பக்கத்தில் இருப்பது வேறு யாரோ ஈஸ்ட் பற்றி எழுதியது. அத்தனை பேரும் அவருடைய எட்டுப் பக்கத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பட்டியல் போட்டேன், மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு. அன்று இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டேன்.

குழு கூடுவதற்கு முந்தைய நாள் அவர் அறைக்குப் போனேன். முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் பட்டியலைக் குழுவிடம் கொடுப்பதுதான் மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்த முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டும்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியலைக் கடைசி வரி வரைக்கும் படித்தார்.

“தெரியும் சார். காப்பி அடிச்சவங்க சத்தமே போட மாட்டாங்க. நிஜமா படிச்சவங்க, ‘நீங்க எழுதினபடியே செஞ்சும் எனக்கு வரலையே’ன்னு போன் பண்ணி சண்டை போடுவாங்க. அப்படி ஒரு நாப்பது பேர் தேறும்.”

“இதை நாளைக்கு குழுகிட்ட குடுக்கப் போறேன்” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“தாராளமா குடுங்க. கணக்கு மட்டும் சரியா இருக்கணும்.”

எழுந்துபோய் அலமாரியில் தேடி ஒரு கட்டுரையை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். என்னுடையது. அந்த முப்பத்தொன்று. ஓரமெல்லாம் பென்சில். மூன்றாம் பக்கத்தில் “நல்ல யோசனை” என்று எழுதியிருந்தார். ஐந்தாம் பக்கத்தில், “இந்தச் சோதனையை யாரும் கவனிக்கவில்லையே, ஏன்?” எனக்குத் தெரிந்து அதை இவ்வளவு தூரம் படித்தவர் யாரும் இல்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பி, மேற்கோள் பட்டியலில் பதினான்காவது வரியில் சிவந்த விரலை வைத்தார்.

அவருடைய கட்டுரை. பக்கம் 371.

நாலாயிரம் கட்டுரையைத் திறந்து பார்த்தவன், என்னுடையதை மட்டும் திறக்கவில்லை.

அவர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். என் பட்டியலின் அடியில் இருந்த 612ஐ அடித்துவிட்டுப் பக்கத்தில் 613 என்று எழுதினார். தாளை என் கையில் கொடுத்துவிட்டு, ஐஸ் பெட்டியை இழுத்து வைத்துக்கொண்டு கோலை இறக்கினார்.

“ஒண்ணு... ரெண்டு...”