பூந்திக்கொட்டை நுரை

ஹேமாவதி யாரையும் ஏமாற்றிப் பிழைத்தவள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததைக் கேட்டுவிட்டு அவளைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். திருமழிசையில் எங்கள் வீட்டுக்கு எதிர் வீடு அவளுடையது. புருஷன் குணசேகரன் இறந்துபோய் ஒன்பது வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை. பிறந்த வீட்டிலும் யாரும் மிச்சமில்லை. உறவு என்று இருந்தது கொழுந்தன் பரந்தாமன் ஒருவன்தான். ஒரே வீட்டுக்கு நடுவில் சுவர் வைத்து, அந்தப் பக்கம் அவனும் இந்தப் பக்கம் இவளும் இருந்தார்கள். இவளுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும்.

பக்கத்துத் தொழிற்பேட்டையில் சோப்புக்கு உறை போடும் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷம் வேலை பார்த்தாள். கைத்தோல் வெடித்துப் புண்ணாகி, சோறு பிசையக்கூட முடியாமல் போனது. இனிமேல் சோப்பைத் தொடாதே என்றார் டாக்டர். வேலையை விட்டாள். சோப்பு மாதிரியே நுரைக்கும் பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் காய்ச்சி, அந்தத் தண்ணீரில் குளிக்க ஆரம்பித்தாள். ஆறு மாதத்தில் கை தேறிவிட்டது. அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. தெரு முழுவதையும் சோப்பிலிருந்து மாற்றியே தீருவேன் என்று அதைப் பாட்டிலில் அடைத்து விற்கக் கிளம்பிவிட்டாள்.

நான் கடைசியாகத்தான் மாறினேன். வாசனையே இல்லை, பார்த்தால் ரசம் மாதிரி இருக்கிறது என்று அவள் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. சாக்கடையில் மிதந்த ஷாம்பு பாக்கெட்டுகளைக் குச்சியால் எடுத்து என் வாசலில் குவித்துவிட்டு, இதெல்லாம் யார் வீட்டுடையது அக்கா என்று கேட்டாள். பாதி எங்கள் வீட்டுடையதுதான். வாயை மூடிக்கொண்டு மாறிவிட்டேன். விலையும் கடைச் சோப்பில் பாதிதான். காலி பாட்டிலைக் கொண்டுபோனால் நிரப்பித் தருவாள். புது பாட்டில் கேட்டால்தான் முகம் சுருங்கும். மண்ணில் போனாலும் தண்ணீரில் போனாலும் ஒன்றும் ஆகாது, எல்லாம் இயற்கை என்று ஒவ்வொருவரிடமும் சொல்வாள். நாங்களும் நம்பினோம்.

பரந்தாமன் தொட்டது எதுவும் துலங்கியதில்லை. ஆட்டோ ஓட்டினான், டீக்கடை வைத்தான், கோழி வளர்த்தான், எல்லாம் போயிற்று. சண்டை முற்றி, மனைவி ஷோபனா பட்டாபிராமில் அம்மா வீட்டுக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. கடைசியாக, வீட்டுக்குப் பின்னால் நெல் விளையாமல் கிடந்த துண்டு நிலத்தில் குட்டை வெட்டி மீன் விட்டான். அது மட்டும் வளர்ந்தது. கட்லா ஒவ்வொன்றும் முழங்கை நீளம். பொங்கலுக்கு முந்தின வாரம் வலை போட ஏற்பாடு. அன்றைக்கு வருகிறேன், வந்தால் இருந்துவிடுகிறேன் என்று ஷோபனா சொல்லியிருந்தாள். பட்டாபிராமுக்கு நாலு நடை போய் அவளைப் பேசிச் சம்மதிக்க வைத்தவள் ஹேமாவதிதான்.

அந்தச் சமயம் பார்த்துப் பூந்தமல்லியில் ஓர் அடுக்குமாடியிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. மூன்று அண்டா நிறையக் காய்ச்சினாள். கெடாமல் இருக்க எதையும் கலக்க மாட்டேன் என்பது அவள் பிடிவாதம். கேட்டவர்கள் இன்று வருகிறோம் நாளை வருகிறோம் என்று இழுத்தார்கள். நாலாம் நாள் மூன்று அண்டாவும் புளித்து நாறின. தெருச் சாக்கடையோ அடைத்துக்கொண்டு கிடந்தது, ஊற்றினால் எல்லார் வாசலிலும் நிற்கும். மீனுக்குப் புண்ணாக்கு போடுகிறோம், தவிடு போடுகிறோம், இதுவும் கொட்டைதானே, தின்னட்டும் என்று நினைத்தாள். பரந்தாமன் வலைக்காரரைப் பார்க்கப் போயிருந்த சாயங்காலம், குடம் குடமாகக் கொண்டுபோய்க் குட்டையில் ஊற்றினாள். சக்கையில் இரண்டு கூடை நானும் தூக்கிக் கொட்டினேன்.

காலையில் பரந்தாமன் போட்ட சத்தத்தில் தெருவே ஓடியது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின. பத்து மணிக்குள் எல்லாம் வயிறு வெளுத்துப் புரண்டுவிட்டன. அவன் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பார்க்க முடியவில்லை என்னால். கரையோரம் முழுக்க நுரை கட்டியிருந்தது. குட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனியின் மதில். நுரையைப் பார்த்ததும் எல்லாருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. கம்பெனிக் கழிவு. ஆண்கள் பரந்தாமனை இழுத்துக்கொண்டு கம்பெனி வாசலுக்குப் போனார்கள். மண்ணை வாரித் தூற்றியவர்களில் ஹேமாவதியும் ஒருத்தி.

மீன்குஞ்சு விற்ற ஹேமநாதன் செய்தி கேட்டு வந்தபோது கரையில் நானும், கம்பெனி வாசலிலிருந்து திரும்பியிருந்த ஹேமாவதியும்தான் இருந்தோம். அவர் நுரையை அள்ளி மோந்து பார்த்தார். யாராவது பூந்திக்கொட்டை கரைத்து ஊற்றினார்களா என்று கேட்டார். அந்தச் சாறு பட்டால் மீனுக்குச் செவுள் வேலை செய்யாதாம். சில ஊர்களில் மீன் பிடிப்பதற்கே அதை இடித்துப் போடுவார்களாம். சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். ஹேமாவதி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

சும்மா இரு, யாருக்கும் தெரியாது, கம்பெனிக்காரன் எத்தனை பாவம் செய்திருப்பான், இதையும் சுமக்கட்டும் என்றேன். அவளுக்காகத்தான் சொன்னேன் என்று சொல்ல மாட்டேன். என் இரண்டு கூடையும் அதில் இருந்தது.

 அவள் எழுந்து புடவையை உதறிக்கொண்டாள்.

"அவனாண்டயே பொய் சொல்லிகினு, நான் வேற யாராண்ட போய் இருப்பேன் அக்கா?"

கம்பெனி வாசலில் இருநூறு பேர் இருப்பார்கள். போலீஸும் வந்திருந்தது. பரந்தாமனைக் கூப்பிட்டு, நின்றிருந்த ஒரு லாரிக்குப் பின்னால் அழைத்துப் போனாள். நான் கூடவே போனேன்.

"பரந்தாமா, கம்பெனி இல்லடா. நான்தான். கெட்டுப்போன தண்ணிய குட்டைல ஊத்திட்டேன். சத்தியமா தெரியாது எனக்கு."

"இன்னா அண்ணி சொல்றீங்க?" என்றான்.

அவள் மறுபடியும் அதையே சொன்னாள். நானும் கொட்டினேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் உடம்பெல்லாம் மீன் நாற்றம். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. கூட்டத்துக்குப் போய், கம்பெனி செய்யவில்லை, எல்லாரும் கிளம்புங்கள் என்றான். போலீஸ்காரர் விடவில்லை, யார் செய்தது என்று அதட்டினார். ஹேமாவதி நாலடி தூரத்தில் நின்றிருந்தாள்.

"பக்கத்து ஊட்டு அம்மா சார். தெரியாம பண்ட்டாங்க. உட்ருங்க."

அவள் பெயர் வெளியே வரக்கூடாது, போலீஸ் தொந்தரவு இருக்கக்கூடாது என்றுதான் அண்ணி என்று சொல்லாமல் அப்படிச் சொன்னான் என்று அவளிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். ஷோபனா வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இதுவரை ஒரு குரலும் வரவில்லை. ஹேமாவதி நான் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டுகிறாள், நம்பவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் நம்பவில்லை.