மருதாம்பாள் முந்தானையில் படகுச் சாவி

என் அக்கா மருதாம்பாளைப் பற்றிக் குன்னூரில் ஒருத்தரும் பேசுவதில்லை. பேச்செல்லாம் அவள் புருஷன் ஆறுமுகசாமியைப் பற்றித்தான். மலையிலிருந்து இறங்கிக் கடலோடிய மனுஷனாம்! கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மாமா கொழுந்து லாரி ஓட்டுகிறவர். அக்கா தன் ஒரு ஏக்கர் தேயிலைத் தோட்டத்தில் இருபது வருஷம் தானே கொழுந்து பறித்தவள். அந்தத் தோட்டத்தை விற்றுத்தான் கேரளக் கரையிலுள்ள பேப்பூரில் பழைய படகு ஒன்றை வாங்கினார்கள். பாயும் உண்டு, டீசல் இன்ஜினும் உண்டு; காற்று நின்றால் இன்ஜின். ஆசை மாமாவுடையது. ஆனால் நாலு மாதம் அங்கேயே தங்கித் துரு சுரண்டிப் பெயின்ட் அடித்தவள் அக்கா. படகு மேஸ்திரி லியோவை நச்சரித்துச் சுக்கான் பிடிக்கவும் நங்கூரம் போடவும் கற்றுக்கொண்டவளும் அவள்தான். மாமா கூலிங்கிளாஸ் மாட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார்.

போன மாசியில் மூவரும் தெற்கே கொச்சிக்குக் கிளம்பினோம். நான் டீ ஃபேக்டரியில் ஃபிட்டர் என்பதால் இன்ஜின் என் பொறுப்பு. "மாமா, எக்காரணம் கொண்டும் நடுவுல ஆஃப் பண்ணிராதீங்க. டீசல் பைப்புல காத்துப் புடிச்சுக்கும், மறுபடி ஸ்டார்ட் ஆகாது" என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

இரண்டாம் நாள் மாலை, ராத்தங்க வழியிலிருந்த முனம்பம் துறைக்குள் நுழையப் போனோம். நுழைவாயிலின் இரண்டு பக்கமும் கருங்கல் தடுப்பு. பாயைச் சுருட்டச் சொன்ன மாமா, இன்ஜினையும் அணைத்துவிட்டார்!

"ஏன் மாமா?"

"வேகம் இருக்குதுல்ல? அப்படியே உருண்டு போயிரும். டீசல் மிச்சம்."

குன்னூர் மலைப்பாதையில், பர்லியார் இறக்கத்தில் லாரியை நியூட்ரலில் உருட்டுகிற புத்தி! கடலில் ஏது இறக்கம்? படகு நின்றது. நகராத படகுக்குச் சுக்கான் கட்டுப்படுமா? அலை எங்களைக் கல்லை நோக்கித் தள்ளியது. மாமா சாவியைத் திருகினார். இன்ஜின் முக்கியது, பிடிக்கவில்லை. "மாரியம்மா" என்று கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, நங்கூரத்தைப் போடு! போட்டுட்டுக் கீழ போய்ப் பைப்பைப் பாரு!" என்று கத்தினாள் அக்கா.

போட்டேன். கல்லுக்கு ஒரு லாரி நீளம் இருக்கையில் கயிறு விறைத்துப் படகு நின்றது. கீழே இறங்கிப் பைப்பிலிருந்த காற்றை வெளியேற்றியதும், அக்கா சாவியைத் திருகினாள். இன்ஜின் பிடித்தது. நான் நங்கூரத்தை இழுத்துக்கொள்ள, துறைக்குள் படகைக் கொண்டுபோய்க் கட்டியவள் அவள். கட்டிய கையோடு சாவியை உருவி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஊருக்கு வந்தால், வியாபாரிகள் சங்கத்தில் மாமாவுக்குப் பாராட்டுக் கூட்டம்! மாலை, பொன்னாடை. மைக்கைப் பிடித்து, "கல்லுல மோத இருந்துச்சுங்க. நாந்தான் திருப்புனேன். இவங்க ரெண்டு பேரும் அழுதுட்டிருந்தாங்க" என்றார். நடந்ததைச் சொல்ல எழப்போனேன். அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"அடுத்த மாசம் லட்சத்தீவு போறேனுங்க" என்று அறிவித்துவிட்டு, மேடையிலிருந்தே கையை நீட்டினார். "ஏ மருதா, அந்தச் சாவியக் கொண்டா. எல்லாரும் பாக்கட்டும்."

அக்கா எழுந்தாள். முந்தானை முடிச்சை இன்னும் ஒரு முறை இறுக்கினாள்.

"லட்சத்தீவுக்கு நானும் தம்பியும் போறமுங்க" என்றாள், கூட்டம் முழுக்கக் கேட்கும்படி. "நீங்க லாரிய ஓட்டுங்க. இறக்கத்துல கியர்லயே வாங்க."