கோட்டுப் போட்ட படம்

நிகனோரா தன் அப்பாவின் கறுப்புக் கோட்டை முந்தின நாளே தூசு தட்டித் தேய்த்து வைத்திருந்தாள். அப்பா எவரிஸ்தோ, கலிபோர்னியாவில் ஓர் ஓடைக்கரையில் வாழ்ந்த பதினொரு வீட்டுச் சூமாஷ் என்ற செவ்விந்தியச் சனங்களுக்குக் கேப்டன், அதாவது தலைவர். குடியிருக்கும் நிலம் தங்களுடையது என்று அரசாங்கத்துக்கு மனு எழுதி வைத்திருந்தார். மனுவோடு தன் படமும் போனால் மரியாதையாக இருக்கும் என்று நினைத்தார்.

சாண்டா பார்பராவிலிருந்து வந்த படக்காரர் கோட்டைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"கோட்டுப் போட்ட இந்தியன் படத்த எவன் வாங்குவான்? சட்டையக் கழட்டுங்க. இறகெல்லாம் நானே கொண்டாந்திருக்கேன்."

"அது எங்க சனம் கட்டுற இறகு இல்லையே," என்றார் எவரிஸ்தோ.

"படம் பாக்குறவனுக்கு அது தெரியவா போகுது? இப்படி ஒண்ணு, அப்புறம் கோட்டோட ஒண்ணு. சரிதானே?"

எவரிஸ்தோ சம்மதித்தார். அறுபத்தைந்து வயதில், எல்லாரும் பார்க்க, வெற்று மார்போடு நின்றார்.

"கேப்டனுக்குக் குளிருதுடி, போர்வை கொண்டா," என்று பக்கத்து வீட்டுத் தொமாசா கேலி செய்தாள்.

பிறகு கோட்டை மாட்டி, பொத்தானெல்லாம் போட்டு, மூச்சை அடக்கி உட்கார்ந்தார். படக்காரர் பெட்டிக்குள் படம் பதியும் கண்ணாடித் தகட்டைச் செருகவே இல்லை. நிகனோரா அதைப் பார்த்தாள். அப்பா அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

கோட்டுப் படத்தின் தகடு உடைந்துவிட்டதாகப் பின்னால் படக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. மனு படமில்லாமல் போனது. பதிலும் வரவில்லை.

நான்கு வருடம் கழித்து ஒரு பண்ணைக்காரர் நிலம் தனதென்று வழக்குப் போட்டார். அவருடைய வக்கீல் கடையில் விற்கும் பட அட்டை ஒன்றை நீதிபதியிடம் நீட்டினார். இறகோடு எவரிஸ்தோ, அடியில் 'சூமாஷ் இனத்தின் கடைசி மனிதன்' என்று அச்சடித்திருந்தது.

"இவருதான் கடைசி ஆளுன்னா, நிலம் கேக்குற மத்தவங்க யாரு?"

நிகனோரா எழுந்தாள். "நான் அவரு மக. எனக்கு நாலு புள்ளைங்க."

"கூப்பிட்டாப் பேசும்மா," என்றார் நீதிபதி.

யாரும் கூப்பிடவில்லை. நிலம் பண்ணைக்காரருக்கென்று தீர்ப்பானது.

வெளியே வந்ததும் அப்பாவிடம் சொல்லிவிட்டாள். "அன்னைக்கு அந்த ஆளு தகடே போடலப்பா. நான் பாத்தேன்."

"அப்பவே சொல்லியிருந்தா அந்த இறகுப் படத்தோட தகட்ட ஒடச்சிருப்பேன்," என்றார் எவரிஸ்தோ. அதற்குமேல் அவளோடு அதிகம் பேசவில்லை.

கோடை முடியுமுன் பண்ணைக்காரரின் ஆட்கள் வீடுகளைப் பிரித்துப் போட்டார்கள். சனங்கள் பண்ணை பண்ணையாகக் கூலிக்குச் சிதறினார்கள். நிகனோரா பிள்ளைகளையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு நகரத்து விடுதியொன்றில் துணி வெளுக்கப் போனாள். அங்கே பின்கட்டில், இரண்டாவது மழைக்காலத்தில் எவரிஸ்தோ இறந்தார். அடக்கப் பதிவேட்டில் பெயர் எழுதிய பாதிரியார் ஊர் கேட்டார். ஓடைக்கரை என்றாள்.

"அங்க இப்ப மாடுதானே மேயுது," என்று அவர் ஊர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டார்.