கல்வெட்டில் இருந்த சேரி

பாடப்புத்தகத்தோடு வரலாற்றை முடித்துக்கொள்கிறவர்களைக் கண்டால் எனக்கு அப்போது இளக்காரம். மன்னார்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். "நேர்ல போய்ப் பாக்காம மனப்பாடம் பண்றவன் கிளிப்பிள்ளைடா" என்று வகுப்பில் சவடால் அடிப்பேன். அந்தச் சவடாலை நிரூபிக்கத்தான் ஒரு சனிக்கிழமை பதினொன்றாம் வகுப்பை வேனில் ஏற்றித் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குக் கொண்டுபோனேன்.

அந்த வகுப்பில் ஒரு பெண். அந்த வருஷம்தான் எங்கள் பள்ளியில் சேர்ந்திருந்தாள். வேறு ஊர்களிலிருந்து வரும், நிலபுலன் உள்ள வீட்டுப் பெண்கள் இருவர் அவளுக்குக் கூட்டாளிகள். மூவரும் மத்தியானத்தில் டப்பாவை மாற்றி மாற்றிச் சாப்பிடுவார்கள். தன் வீடு மேலத்தெருவில் இருப்பதாக அவர்களிடம் சொல்லி வைத்திருந்தாள். ஊருக்கு வெளியே உள்ள காலனியில் இருக்கிறது என்பது உதவித்தொகைப் படிவம் நிரப்பிய எனக்கு மட்டும் தெரியும். "கிளாஸ்ல சொல்லிடாதீங்க சார்" என்று ஆசிரியர் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டாள். சரி என்றேன்.

கோயிலில் கல்வெட்டைத் தடவித் தடவி விளக்கினேன். வரி வாங்காத நிலங்களின் பட்டியல் அது. ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சேரி, சுடுகாடு. பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"அப்பவே சேரி இருந்துச்சா சார்?" என்றான் ஒருவன்.

நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. "இருந்துச்சாவா? இப்பவும் இருக்கு. அங்கேருந்துதான் இவ தினமும் பஸ் ஏறி வர்றா" என்று அவளைக் கைகாட்டினேன். கல்லையும் வாழ்க்கையையும் இணைத்துவிட்டதாகப் பெருமை வேறு. நான் ஒரு முட்டாள். முட்டாள் என்பதுகூட எனக்குச் சலுகைதான்.

அவள் கல்வெட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மத்தியானம் மர நிழலில் சாப்பிட உட்கார்ந்தோம். அவள் வழக்கம்போலத் தக்காளிச் சாதத்தைத் திறந்து நடுவில் வைத்தாள். ஒரு கையும் அதற்கு நீளவில்லை. பழக்கத்தில் ஒருத்தியின் டப்பாவிலிருந்து அவள் ஒரு வாய் எடுத்தாள். அந்தப் பெண் எழுந்து, பாதிச் சோற்றை நாய்க்குக் கொட்டிவிட்டு, குழாயடியில் டப்பாவைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். "எங்க வீட்ல தெரிஞ்சா கொன்னுடுவாங்கடி" என்று இன்னொருத்தியிடம் சொன்னது எனக்கே கேட்டது. அவளுக்குக் கேட்காமல் இருக்குமா? ஆசிரியன் நான் என்ன செய்தேன்? அதட்டக்கூட இல்லை. தயிர்சாதத்தை முழுங்கினேன்.

திரும்பும்போது அவள் டிரைவர் பக்கத்து இருக்கையில் தனியாக வந்தாள். திங்கட்கிழமை வகுப்பில் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். அந்த பெஞ்சில் வேறு யாரும் இல்லை.

அன்று சாயங்காலம் ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டேன். வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் கூப்பிட்டேன். "தப்புப் பண்ணிட்டேன்மா, மன்னிச்சிடு" என்றேன்.

அவள் அழவில்லை. "சொன்னது எல்லார் முன்னாடியும். மன்னிப்பு மட்டும் ரூம்லயா சார்?" என்றாள்.

"நாளைக்கு கிளாஸ்ல சொல்றேம்மா" என்றேன்.

மறுநாள் வகுப்புக்குப் போனேன். கடைசி பெஞ்சிலிருந்து அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தைத் திறந்து அடுத்த பாடத்தைத் தொடங்கினேன்.