வெள்ளம் என்று ஒரு பெயர்

தென்காசியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில், பிள்ளைகளுக்கான கோடை வகுப்புக்கு இரண்டு ஆசிரியைகள் தேவைப்பட்டார்கள். நானும் என் கல்லூரித் தோழியும் சேர்ந்து ஒரு விளையாட்டை எழுதிக் காட்ட வேண்டும். சென்டர் நடத்தும் அண்ணாச்சிக்குப் பிடித்தால் இருவருக்கும் வேலை. பிடிக்காவிட்டால் எனக்குச் சென்னையில் வேறு வேலை இருந்தது. அவளுக்கு எதுவும் இல்லை.

விளையாட்டு குற்றாலம் மெயினருவியில் நடக்கும். தண்ணீர் வெள்ளையாக இருக்கும்வரை ஆட்கள் குளிக்கலாம். செம்மண் நிறமானால் போலீஸ்காரர் விசில் ஊதுவார். உடனே எல்லோரையும் வெளியேற்ற வேண்டும். அருவியும் ஆட்களும் அவள் பங்கு. வெள்ளமும் விசிலும் என் பங்கு.

நாங்கள் எழுதியது, புதிதாகப் படிப்பவர்களுக்கான ஒரு கம்ப்யூட்டர் மொழியில். சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் கொடுத்தால் ஒரு நிறம் வரும். அதை ஒரு பெயரில் சேமித்து வைக்கலாம். 160, 95, 50 என்று கலந்து அந்தச் செம்மண் நிறத்தைப் பிடித்தேன். ஆங்கில எழுத்தில் ‘வெள்ளம்’ என்று பெயர் வைத்தேன். காட்ட வேண்டிய அன்று காலைதான் இருவர் எழுதியதையும் ஒன்றாக ஒட்டினோம்.

அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விளையாட்டை ஓட்டினேன். அருவி விழுந்தது. விசில் ஊதியது. தண்ணீர் வெள்ளையாகவே இருந்தது.

“ஏம்மா, நல்ல தண்ணிக்கு எதுக்கு விசில் அடிக்கான்?”

“ஒரு நிமிஷம் அண்ணாச்சி.”

எண்களைப் பார்த்தேன், சரி. விசில் நேரம், சரி. பெயரைத் தேடினேன். இரண்டு இடத்தில் இருந்தது. என் வரிக்குக் கீழே, அவள் பகுதியில், மறுபடியும் ‘வெள்ளம்’: 255, 255, 255. அவள் கேரள எல்லையில் இருக்கும் செங்கோட்டைக்காரி. அவர்கள் வீட்டில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். ஒரு பெயரில் ஒரு நிறம்தான் நிற்கும். பின்னால் வந்த வெள்ளை என் செம்மண்ணை அழித்துவிட்டது.

அவளும் அந்த வரியைப் பார்த்துவிட்டாள்.

“யாரு பாத்த வேல இது?” என்றார் அண்ணாச்சி.

“ஒரே பேர ரெண்டு தடவ வச்சிட்டோம். பேரையெல்லாம் ஒரு லிஸ்ட் போட்டு நான் இவகிட்ட காட்டிருக்கணும். காட்டல.”

அவர் திரையில் அந்த இரண்டு வரிகளையும் விரலால் தொட்டுப் படித்தார்.

“செங்கோட்டைல வெள்ளம்னா குடிக்கத்தான செய்வாங்க” என்று அவளைப் பார்த்தார். “மாத்திட்டு ஓட்டு.”

மாற்றினேன். இந்த முறை தண்ணீர் செம்மண்ணாக இறங்கியது. ஆட்கள் ஓடினார்கள். அண்ணாச்சி எழுந்தார்.

“திங்கக்கிழம ரெண்டு பேரும் வாங்க. ஒரு மாசம் பாப்போம்.”

படியிறங்கும்போது அவள் என் கையைக் கிள்ளினாள்.

“ஏட்டி, அது என் வரின்னு அவருக்குத் தெரிஞ்சிட்டு.”

“தெரியும்” என்றேன்.